புளோக் கீழே படிப்பு நிலையம் தொடங்குகிறோம்: எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடம், எங்கே சறுக்கும்?

தோபாயோ_தொண்டர்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் தோபாயோவில் எங்கள் வட்டார வசிப்போர் குழு அறை செவ்வாய், வியாழன் இரண்டு மாலையும் 7 முதல் 9 மணி வரை கிடைத்திருக்கிறது. ஜனவரியில் தொடக்கம். தொடக்கநிலை 3 முதல் உயர்நிலை 2 வரை 14 பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். 9 தமிழ்ப் பிள்ளைகள், 3 மலாய்ப் பிள்ளைகள், 2 சீனப் பிள்ளைகள். தொண்டூழியர் 5 பேர், அதில் 3 பேர் பல்கலைக்கழக மாணவர்கள். கட்டணம் கிடையாது.

வகுப்புவாரியாக அசெஸ்மென்ட் புத்தகம் (பயிற்சிக் கேள்விப் புத்தகம்) வாங்கிக் கொடுத்து, வாரம் இவ்வளவு பக்கம் என்று முடிக்க வைக்கலாம் என்பது இப்போதைய திட்டம். இது சரிவருமா? அனுபவம் உள்ளவர்கள் எங்கே சறுக்கும் என்று முன்கூட்டியே சொன்னால் நல்லது.

கணக்கு_வாத்தியார்

புத்தகம் வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். தொடக்கநிலை 5 பிள்ளை தொடக்கநிலை 5 புத்தகத்தில் தடுமாறுகிறது என்றால், பெரும்பாலும் ஓட்டை தொடக்கநிலை 3இலோ 4இலோ இருக்கும். அதே பாடத்தைப் பள்ளியில் ஒரு தடவை, உங்களிடம் ஒரு தடவை என்று இரண்டு முறை தோற்க வைப்பதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கப்போகிறது?

முதல் இரண்டு வாரம் எங்கே அறுந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு கணக்கை வைத்தே காட்டுகிறேன்.

ஒருவன் தன் பணத்தில் 2/5 பங்குக்குப் புத்தகம் வாங்கினான். மீதியில் 1/3 பங்குக்குப் பேனா வாங்கினான். கையில் 24 வெள்ளி இருக்கிறது. முதலில் எவ்வளவு வைத்திருந்தான்?

சரியான வழி: 5 கட்டம் போட்டு 2 கட்டத்தை அடிக்கணும். மீதி 3 கட்டம். அதில் மூன்றில் ஒரு பங்கு 1 கட்டம். மிச்சம் 2 கட்டம் 24 வெள்ளி, ஒரு கட்டம் 12, மொத்தம் 60.

தடுமாறும் பிள்ளை 2/5-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 11/15 என்று எழுதும். மிச்சம் 4/15 என்பது 24, அப்போது 1/15 என்பது 6, மொத்தம் 90. விடை முழு எண்ணாக அழகாக வந்துவிடுவதால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. தொண்டூழியர் சிவப்பு மையில் தப்பு போட்டு, செய்முறையைப் பலகையில் எழுதிக் காட்டுவார். பிள்ளை தலையாட்டும். அடுத்த வாரம் மறுபடியும் 90 மாதிரி ஒரு விடை வரும்.

90 வந்தால் உடனே திருத்தாதீர்கள். கேள்வித்தாளை மூடிவைத்துவிட்டு, தமிழ்ப் பிள்ளை என்றால் தமிழிலேயே வாயால் கேளுங்கள்: “புத்தகம் வாங்கியாச்சு. மிச்சம் இருக்கிற காசுல மூணுல ஒரு பங்கு பேனாவுக்குப் போச்சு.” உடனே மூன்று கட்டத்தைப் பிரிக்கிறதா? அப்படியென்றால் கணக்கு தெரியும், ஆங்கிலக் கேள்வியில் மீதியைக் குறிக்கும் ‘ரிமெய்ன்டர்’ என்ற சொல்லைத்தான் தாண்டிப் போயிருக்கிறது. அப்போதும் முழுப் பட்டையையே மூன்றாக வெட்டுகிறதா? பின்னம் புரியவில்லை. இரண்டும் வேறு வேறு கோளாறு, வைத்தியமும் வேறு.

சொல் பிரச்சினைக்கு ‘ஆல்டுகெதர்’, ‘ஈச்’, ‘அட் ஃபர்ஸ்ட்’, ‘மோர் தென்’, ‘ரிமெய்ன்டர்’ மாதிரி இருபது சொற்களை அட்டையில் எழுதி, கணக்கு போடாமல் படம் மட்டும் வரைய வையுங்கள். மலாய், சீனப் பிள்ளைகளுக்கும் இதே முறைதான், அவரவர் வீட்டு மொழி தெரிந்த ஒரு தொண்டூழியர் இருந்தால் போதும்.

பின்னப் பிரச்சினைக்குக் காகிதப் பட்டை. 20 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் வெட்டி, 4 செ.மீ.க்கு ஒரு கோடு போடுங்கள். இரண்டு துண்டைப் பிள்ளையே கிழித்து நோட்டுக்கு அடியில் வைத்து மறைக்கட்டும். கையில் 12 செ.மீ. பட்டை இருக்கும். “இப்ப இதுதான் உன் முழுசு” என்று சொல்லி அதை மூன்றாக மடிக்கச் சொல்லுங்கள். மறைத்து வைப்பதுதான் முக்கியம். ஐந்து துண்டும் கண்ணெதிரே கிடந்தால் பிள்ளை மறுபடியும் ஐந்தைத்தான் முழுசு என்று நினைக்கும்.

வாசிப்பு_அக்கா

வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கணக்கைத் தொடுவதற்கு முன்பே ஆங்கில வாசிப்பைப் பார்த்துவிடுங்கள் தம்பி. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

100 சொற்கள் உள்ள ஒரு பத்தியை எடுங்கள். பிள்ளையின் வகுப்புக்கு ஒரு வகுப்பு கீழே உள்ளதாக இருக்கட்டும். பிள்ளை சத்தமாக வாசிக்க, உங்கள் பிரதியில் தவறுகளைக் குறியுங்கள். வேறு சொல்லாக வாசித்தது, விட்டுவிட்டது, நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது, எல்லாம் தவறுதான். தானாகத் திருத்திக்கொண்டால் கணக்கில் சேர்க்க வேண்டாம். 5க்குள் என்றால் அந்த நிலையைத் தனியாகவே வாசிக்கலாம். 6 முதல் 10 வரை என்றால் பக்கத்தில் ஆள் இருக்கணும். 10க்கு மேல் போனால் அந்தப் பத்தி அந்தப் பிள்ளைக்கு இப்போது ஆகாது, இன்னும் ஒரு வகுப்பு கீழே இறங்குங்கள்.

வாசித்து முடித்ததும் “என்ன நடந்துச்சு, சொல்லு” என்று கேளுங்கள். தவறே இல்லாமல் வாசித்துவிட்டு எதுவும் சொல்லத் தெரியாத பிள்ளைகள் நிறைய உண்டு. அவர்களுக்கு எழுத்துக்கூட்டிப் பழக்கினால் பயனில்லை, பேச்சும் சொல்வளமும்தான் வேண்டும்.

இன்னொன்று. தொடக்கநிலை 3, 4இல் எழுத்துகளைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதுவது, வாயால் சரியாகச் சொல்வதைத் தாளில் எழுத முடியாமல் போவது, ஒரு பக்கத்தில் மூன்று முறை வந்த சொல்லை மூன்று முறையும் புதிதாகப் பார்ப்பது, இதெல்லாம் சேர்ந்து தெரிந்தால் நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள். பெற்றோரிடம் நீங்கள் பார்த்ததை மட்டும் தேதியோடு எழுதிக் கொடுத்து, வகுப்பாசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். பள்ளியிலேயே தொடக்கநிலை 3, 4க்கு டிஸ்லெக்சியா உதவி வகுப்பு இருக்கிறது. சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கமும் இருக்கிறது.

செங்காங்_பெற்றோர்

> அசெஸ்மென்ட் புத்தகம் வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்

பெற்றோர் இதை ஏற்கமாட்டார்கள் ஐயா. பை நிறையத் தாள் வந்தால்தான் பாடம் நடந்தது என்பார்கள். அதோடு முதல் பருவத் தேர்வில் மார்க் ஏறவில்லை என்றால் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். இதற்கு என்ன வழி?

பாடத்திட்டம்

நியாயமான கேள்வி. மார்க்கை எப்படிப் படிப்பது என்று பெற்றோருக்கு முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடணும். தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வின் அடைவுநிலைகளின் அகலத்தைப் பாருங்கள். 90உம் அதற்கு மேலும் அடைவுநிலை 1. 85 முதல் 89 வரை 2. 80 முதல் 84 வரை 3. 75 முதல் 79 வரை 4. 65 முதல் 74 வரை 5. 45 முதல் 64 வரை 6. 20 முதல் 44 வரை 7. அதற்குக் கீழே 8. மேலே 2 முதல் 4 வரை ஒவ்வொரு படியும் ஐந்து மார்க். உங்கள் நிலையத்துக்கு வரும் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் ஒரு படியே 20, 25 மார்க்.

47 வாங்கிய பிள்ளை ஓராண்டு உழைத்து 62க்கு வந்தால் 15 மார்க் ஏறியிருக்கிறது. பெற்றோர் பார்க்கும் தாளில் அடைவுநிலை 6, அதே 6. “ஒண்ணும் மாறலையே” என்பார்கள். 43 வாங்கிய பிள்ளை 46 வாங்கினால் 7இலிருந்து 6. மூன்றே மார்க், ஆனால் வீட்டில் கொண்டாட்டம். அதனால் கோப்பில் அடைவுநிலையை மட்டும் எழுதாமல் மார்க்கையே எழுதுங்கள். எந்தத் தலைப்பில் எத்தனை மார்க் என்பதும் வேண்டும்.

இதில் நிலையங்களுக்கே ஒரு சபலம் வரும். 43, 44இல் நிற்கும் பிள்ளைகளை மட்டும் 45க்கு ஏற்றிவிட்டால் அறிக்கை அழகாகத் தெரியும், 25இல் இருக்கும் பிள்ளை பின்வரிசைக்குப் போய்விடும். அது நடக்கவிடாதீர்கள், அந்தப் பிள்ளைக்குத்தான் வேறு போக்கிடம் இல்லை.

தேர்வுகள் குறைந்ததையும் பெற்றோருக்கு விளக்குங்கள். தொடக்கநிலை 1, 2க்கு 2019 முதல் தேர்வே கிடையாது. அரையாண்டுத் தேர்வு எல்லா வகுப்புகளிலும் 2023க்குள் எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகள் ‘டபிள்யூஏ’ என்று சொல்லும் பருவ மதிப்பீட்டில் சில தலைப்புகள்தான் வரும். அதில் 70 வாங்கிய பிள்ளை ஆண்டிறுதியில் 48 வாங்குவது ஆச்சரியமில்லை, ஆண்டிறுதியில் எல்லாத் தலைப்பும் சேர்ந்து வருகிறது.

தாள் கேட்கும் பெற்றோருக்கு ஒரே ஒரு தாள் கொடுங்கள். மேலே “இந்த மாதம் சரிசெய்வது” என்று ஒரே விஷயம், உதாரணமாக “7, 8 வாய்பாடு” அல்லது “மீதியின் பங்கு”. கீழே தேதி, பத்துக் கேள்வியில் எத்தனை சரி. நாலு வாரத்தில் 3, 5, 6, 9 என்று ஏறுவதை அவர்களே பார்ப்பார்கள்.

வாசிப்பு_அக்கா

ஆமாம், அதில் பிள்ளையே எண்ணை எழுதட்டும்.

தோபாயோ_தொண்டர்

ரொம்ப நன்றி. புத்தகத் திட்டத்தை விட்டுவிட்டேன். உயர்நிலைப் பிள்ளைகள் 4 பேர் இருக்கிறார்கள், உயர்நிலை 1இல் இரண்டு, 2இல் இரண்டு. அவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கலாமா?

பாடத்திட்டம்

வகுப்பைப் பார்த்து உட்கார வைக்காதீர்கள். 2024இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களிலிருந்து முழுமையான பாட அடிப்படையிலான வகைப்பாடு வந்துவிட்டது. விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவெல்லாம் போய், பாடம் பாடமாக ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகள், ஜி1 எளியது, ஜி3 கடினமானது. ஒரே பிள்ளை கணக்கு ஜி1, ஆங்கிலம் ஜி2, தமிழ் ஜி3 படிக்கலாம். பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பாடத்துக்கும் எந்த நிலை என்று தனித்தனிக் கட்டம் போடுங்கள். 2027 முதல் எல்லாரும் எழுதுவது ஒரே சான்றிதழ்த் தேர்வு, பாடங்களின் நிலை மட்டும் வேறுபடும்.

தொடக்கநிலை 5, 6 பெற்றோருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஃபவுண்டேஷன் பாடம், அதாவது வழக்கமான ஸ்டாண்டர்டைவிட எளிய நிலைப் பாடம், என்றதும் இடிந்துபோகிறார்கள். ஃபவுண்டேஷனில் 75 அல்லது அதற்கு மேல் வாங்கினால் ‘ஏ’, அது அடைவுநிலை 6க்குச் சமம். 30 முதல் 74 வரை ‘பி’, அது 7க்குச் சமம். ஃபவுண்டேஷனில் ‘ஏ’ வாங்கிய பிள்ளை அந்தப் பாடத்தை உயர்நிலை 1இல் ஜி2ஆக எடுக்க வழியிருக்கிறது. ஸ்டாண்டர்டில் 22 வாங்கிக்கொண்டு தினமும் அழுகிற பிள்ளைக்கு எது நல்லது என்று பள்ளியோடு உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். முடிவு பெற்றோருடையது, நிலையம் தலையிட வேண்டாம்.

விதிமுறை

பாடம் பற்றி எல்லாரும் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். தொடங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் பதிவு. 10 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் துணைப்பாட நிலையம் கல்வி அமைச்சிடம் பதிவு செய்யணும். உங்களுக்கு 14 பேர். இலவசம், தொண்டூழியம் என்று நீங்களாகவே முடிவு செய்துகொள்ளாமல், உங்கள் ஏற்பாட்டை விவரித்து அமைச்சுக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இயங்கும் ஓர் அமைப்பின் கீழ் நடத்துவது இதைவிடச் சுலபமாக இருக்கலாம்.

அடுத்து விண்ணப்பப் படிவம். அடையாள அட்டை எண், பிறப்புச் சான்றிதழ் எண் இரண்டையும் கேட்காதீர்கள். சட்டம் கேட்டாலோ, ஆளை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்த வேண்டிய நிலை இருந்தாலோ தவிர அமைப்புகள் அந்த எண்களைத் திரட்டக் கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பிள்ளையின் பெயர், பள்ளி, வகுப்பு, அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள், ஒவ்வாமை, யார் வந்து அழைத்துப் போவார் என்பது போதும். வாட்ஸ்அப் குழுவில் மார்க் போடாதீர்கள், பிள்ளைகளின் படமும் வேண்டாம்.

அறையில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர். தனியாக ஒரு தொண்டூழியரும் ஒரு பிள்ளையும் மூடிய கதவுக்குள் இருக்கக் கூடாது. யாராவது ஒருவர் வரவில்லை, மிச்சம் ஒரே ஆள்தான் என்றால் அன்றைக்கு வகுப்பு கிடையாது. இதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

பிள்ளை அடிபட்ட தழும்பைக் காட்டினாலோ, “சாகணும்போல இருக்கு” என்று சொன்னாலோ துருவித் துருவி விசாரிக்கக் கூடாது. சொன்னதை அதே வார்த்தையில் எழுதி, அன்றைக்கே பொறுப்பாளரிடம் கொடுக்கணும். வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்தின் எண்ணும், தற்கொலைத் தடுப்பு உதவிக்கு 24 மணி நேரமும் எடுக்கும் 1767 எண்ணும் சுவரில் ஒட்டியிருக்கட்டும்.

மாலை_மைலோ

நான் வருகைப் பதிவு பற்றிப் பேசுகிறேன். பாடத் திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிள்ளை வரவில்லை என்றால் எல்லாம் வீண்.

பிப்ரவரி கடைசியில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். காரணம் சோம்பேறித்தனம் இல்லீங்க. பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை நாள் முடிவாகும், போட்டி வந்தால் பயிற்சி நாள் கூடும். அப்பா அம்மா இருவரும் ஷிஃப்ட் என்றால் பெரிய பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளணும். ஆகவே ஜனவரி இரண்டாம் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளையின் வார அட்டவணையையும் வாங்கிவிடுங்கள். தம்பி தங்கையோடுதான் வர முடியும் என்றால் வரட்டும், மூலையில் ஒரு பாய், வண்ணப் பென்சில், பத்துப் படப் புத்தகம் போதும்.

ஒரு நாள் வராவிட்டால் அன்று இரவே அழைக்கணும். குறுஞ்செய்தி இல்லை, அழைப்பு. “ஏன் வரலை” என்று ஆரம்பிக்காதீங்க. “இன்னிக்கு உன் நாற்காலி காலியா இருந்துச்சு, நல்லா இருக்கியா” என்று கேளுங்க. தொடர்ந்து மூன்று வகுப்பு தவறினால் பிறகு திரும்பி வருவது ரொம்பக் கஷ்டம், வெட்கம் வந்துவிடும்.

தொண்டூழியர் விஷயமும் இதே மாதிரிதான். பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஏப்ரல் கடைசியிலும் நவம்பர் கடைசியிலும் தேர்வுக்குப் போய்விடுவார்கள். அந்த வாரங்களை இப்போதே நாள்காட்டியில் குறித்து, வேலைக்குப் போகும் இருவரைத் தயாராக வையுங்கள். 5 பேரில் 3 பேர் மாணவர்கள் என்றால் உங்களுக்கு உண்மையில் 2 பேர்தான். ஒருவருக்கு மூன்று அல்லது நான்கு பிள்ளைகள், அதே பிள்ளைகள், ஆறு மாதத்துக்கு மாறக் கூடாது. வாரம் ஒரு புது ஆள் வந்தால் ஒவ்வொரு வாரமும் “உனக்கு என்ன தெரியாது” என்றே ஆரம்பிக்கும்.

7 மணிக்கு வரும் பிள்ளை சாப்பிட்டிருக்கும் என்று நினைக்காதீங்க. ஒரு குவளை மைலோ, இரண்டு பிஸ்கட், ஹலால் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கணும். நோன்பு மாதத்தில் 7 மணியை ஒட்டித்தான் நோன்பு திறப்பு வரும், அந்த மாதம் மட்டும் 7.45க்குத் தொடங்குங்கள்.

செங்காங்_பெற்றோர்

வருகைக்கு முன்பணம் வாங்கலாமே? 20 வெள்ளி கட்டி, நூற்றுக்கு எண்பது நாள் வந்தால் திருப்பிக் கொடுப்பது. இலவசம் என்றால் மதிப்பு தெரியாது.

மாலை_மைலோ

வேண்டாம் என்பேன். மூன்று பிள்ளை உள்ள வீட்டில் 60 வெள்ளி. கேட்கத் தயங்கி, பெயர் கொடுக்காமலே இருந்துவிடுவார்கள். நமக்குத் தெரியவே தெரியாது.

கணக்கு_வாத்தியார்

எனக்கு இதில் செங்காங் பெற்றோரோடு பாதி ஒத்துப்போகிறது. பணமாக வேண்டாம், வேலையாகக் கேளுங்கள். மாதம் ஒரு மாலை பெற்றோர் ஒருவர் வந்து மேசை போட்டு, வருகை எடுத்து, மைலோ கலக்கட்டும். இரண்டாவது பெரியவர் என்ற விதிக்கும் ஆள் கிடைக்கும்.

வீட்டுப்பாடம் பற்றி யாரும் சொல்லவில்லை. அதற்கு 30 நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். இல்லாவிட்டால் இரண்டு மணி நேரமும் அதிலேயே போய், நிலையம் வீட்டுப்பாடம் முடிக்கிற இடமாகிவிடும். 30 நிமிடத்தில் முடியாததை அப்படியே விட்டு, “இதுவரை தானாகச் செய்தது” என்று கோடு போட்டு அனுப்புங்கள். ஆசிரியருக்குப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியணும். தொண்டூழியர் விடை சொல்லிக் கொடுத்து எல்லாம் சரியாக இருந்தால், உதவி தேவைப்படும் பிள்ளை ஆசிரியர் கண்ணில் படாமலே போய்விடும்.

பீட்டி_ரோடு

ஏற்கெனவே இருப்பதை மறுபடியும் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. 1991இல் தொடங்கிய சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) தீவு முழுக்கத் துணைப்பாட வகுப்பு நடத்துகிறது. சம்பளம் வாங்கும் இந்தியர்கள் அதற்கு மாதந்தோறும் கட்டுகிறோம். 1,000 வெள்ளி வரை 1 வெள்ளி, 2,500க்கு மேல் 4,500 வரை 7 வெள்ளி, 15,000க்கு மேல் 30 வெள்ளி. சம்பளச் சீட்டில் பார்த்திருப்பீர்கள். கட்டுகிற குடும்பங்களே பிள்ளையைச் சேர்க்காமல் இருப்பது வருத்தமாக இருக்கிறது. உங்கள் 9 தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மலாய்ப் பிள்ளைகளுக்கு மெண்டாக்கி, சீனப் பிள்ளைகளுக்குச் சீனர் மேம்பாட்டு உதவி மன்றம். சுய உதவிக் குழுக்கள் சேர்ந்து நடத்தும் வகுப்புகளும் உண்டு, வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது எதுவோ அதில் இடம் கேட்கலாம்.

அங்கே வகுப்பு பாடத்திட்டத்தோடு போகும். உங்கள் அறையில் நாலு பேருக்கு ஓர் ஆள் உட்கார்ந்து பட்டை மடிக்கலாம், 100 சொல் கேட்கலாம். ஒன்று மற்றதுக்குப் பதில் ஆகாது, இரண்டும் வேண்டும். நிதியுதவிப் படிவம் நிரப்ப மாதம் ஒரு மாலை ஒதுக்குங்கள். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது தனிநபர் வருமானக் கணக்கில்தான். குடும்பத்தின் மொத்த மாத வருமானத்தைத் தலைக்குப் பிரிக்கும்போது, கூடவே வசிக்கும் தாத்தா பாட்டியை எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். 3,600 வெள்ளியை 4 பேருக்குப் பிரித்தால் 900, 6 பேருக்குப் பிரித்தால் 600. தகுதி உள்ள குடும்பம் தகுதி இல்லை என்று தானே முடிவு செய்துகொள்கிறது.

தோபாயோ_தொண்டர்

குறித்துக்கொண்டேன். இப்போதைய வரைவு இது, பாருங்கள்:

7.00 மைலோ, வருகை. 7.10 முதல் 7.40 வரை வீட்டுப்பாடம். 7.40 முதல் 8.20 வரை அவரவர் ஓட்டை, ஒருவருக்கு மூன்று அல்லது நான்கு பிள்ளைகள். 8.20 முதல் 8.45 வரை செவ்வாய் ஆங்கில வாசிப்பு, வியாழன் தமிழ்ப் பேச்சு. அந்த நேரம் மற்ற பிள்ளைகளுக்குச் சொல் அட்டை. 8.45க்குத் தாளில் எண் எழுதுவது, 9.00க்கு ஒப்படைப்பு. முதல் இரண்டு வாரம் சோதனை மட்டும்.

வாசிப்பு_அக்கா

நல்லா இருக்கு தம்பி. தமிழ்ப் பேச்சுக்கு ஒரு நிமிடக் காணொளி ஒன்று போட்டு, “என்ன பார்த்தே, ஏன் அப்படி நடந்துச்சு, நீ அங்க இருந்தா என்ன செய்வே” என்று மூன்று கேள்வி. பிஎஸ்எல்இ தமிழ் வாய்மொழித் தேர்வில் காணொளி உரையாடல் வருகிறது, அது ஆகஸ்டிலேயே வந்துவிடும். எழுத்துத் தேர்வு செப்டம்பர் கடைசியில்தானே என்று ஜூலை வரை பேச்சை விட்டுவைக்காதீங்க.

பீட்டி_ரோடு

ஒரு திருத்தம். பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளைகள் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ வேறு பள்ளிக்கோ தமிழ் வகுப்புக்குப் போவார்கள். வகுப்பு நாள் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். உங்கள் 9 பேரில் அப்படி யாராவது இருந்தால், அவர்கள் நாளைக் கேட்டுவிட்டுச் செவ்வாயா வியாழனா என்று பிரியுங்கள். மூன்று மணி நேரம் தமிழ் படித்துவிட்டு வரும் பிள்ளையை அன்று இரவே மறுபடியும் தமிழில் பேசச் சொன்னால் வாயே திறக்காது.

தோபாயோ_தொண்டர்

இரண்டு பேர் இருக்கிறார்கள். இன்றே பெற்றோரை அழைத்துக் கேட்கிறேன்.